நீங்க கேக்கல

என் மனைவி ஊருக்கு ஒரு குரலும் எனக்கு ஒரு குரலும் வைத்திருந்தாள். ஊருக்கு வைத்திருந்தது நடுநிலைப் பள்ளியில் கணக்கு நடத்தும் குரல். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும். எனக்கு வைத்திருந்தது முணுமுணுப்பு. பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, என் தோளில் கை வைத்து, இடது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து பேசுவாள். கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் மாப்பிள்ளையின் மீசை, மேடையில் மைக்கை விடாத மாமா, ரசத்தில் நீந்திய ஒற்றைத் தக்காளி எல்லாம் அதில் வரும். முகம் மட்டும் பூசைக்குப் போகிற முகமாகவே இருக்கும். தஞ்சாவூரிலிருந்து வெண்ணாற்றுக் கரையோடு எங்கள் ஊர் வந்து சேர்வதற்குள் எத்தனையோ தடவை சிரித்து வண்டியை வயலில் இறக்கப் பார்த்திருக்கிறேன். அந்த முணுமுணுப்பு எனக்கு இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். அது டிரம்ஸிலிருந்து தொடங்குகிறது.

நான் மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவன். மாதா கோயில் திருவிழா, மாரியம்மன் கோயில் திருவிழா, காது குத்து, கட்சிக் கூட்டம் எதையும் விட்டதில்லை. டிரம்ஸ் செட்டில் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டு இடது கைப் பக்கம் இருக்கும். வாசிக்கிறவனுக்குக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரையும் மேடை போடுகிறவர்கள் இடது பக்கமே வைப்பார்கள். ஆக, வாழ்நாள் முழுக்க என் இடது காதில் யாரோ தகரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். அதை அப்போது யோசித்ததில்லை. சம்பாதிக்கிற காது என்றைக்கும் நம்மோடு இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

பிறகு கம்ப்யூட்டருக்குள்ளேயே டிரம்ஸ் வந்துவிட்டது. இதைச் சொன்னால் உடனே எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “பாவம், உங்க தொழிலு போச்சே” என்பார்கள். ஒன்றும் போகவில்லை. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. ஐப்பசி மழையில் வேனிலிருந்து டிரம்ஸை இறக்கிச் சேற்றில் தூக்கிப் போனவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். வீட்டில் முன்னறையை அடைத்து, சுவரில் பழைய மெத்தைகளை அடித்து, ஸ்டுடியோ என்று பெயர் வைத்தேன். பங்குக் கோயில்களின் பாடல் குழுக்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள், வளைகாப்புக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். பாட்டை அவர்கள் பாடுவார்கள். டிரம்ஸை நான் உட்கார்ந்த இடத்திலேயே விரலால் தட்டிப் போடுவேன். ஃபைலை அனுப்புவது, பாஸ்வேர்டை ஞாபகம் வைப்பது, போன் எடுத்து மரியாதையாகப் பேசுவது இவையெல்லாம் மனைவியின் இலாகா. மூன்றுமே எனக்கு வராது.

இந்த டிரம்ஸில் ஒரு தொல்லை உண்டு. மெஷின் வாசிப்பதுபோல் இருக்கக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் வைப்போம். அப்படி வைக்கும்போது காலால் மிதிக்கும் கிக், சுரீரென்று தெறிக்கும் ஸ்னேர், பெரிய தட்டு மூன்றும் ஒரே நொடியில் விழுகிற இடத்தில் சத்தம் திடீரென்று எகிறிவிடும். அதைத்தான் பீக் என்கிறோம். மீட்டரில் சிவப்பு எரியும். கவனிக்காமல் விட்டால், கோயில் கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அது கரகரவென்று கிழியும். முறையான வழி, எந்த அடி எகிறுகிறதோ அந்த அடியைத் தேடிப்போய் அதன் சத்த அளவுக்கான எண்ணைக் குறைப்பது. குறுக்கு வழி லிமிட்டர். அது தாழ்வான வாசல்நிலை மாதிரி. எவ்வளவு உயரமான ஆள் வந்தாலும் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஒருவர் இருவர் குனிந்தால் தெரியாது. வருகிறவர்கள் எல்லோரும் குனிந்தால் ஊரே கூனாகத் தெரியும்.

நான் முறையான வழிக்காரன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. லிமிட்டர் போடுகிறவர்களை, தெரியாதவன் வேலை என்று வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். என் முறை எளிமையானது. டிரம்ஸை ஏற்றிக்கொண்டே போவேன். சிவப்பு எரிந்ததும் நிறுத்தி, எந்த அடி என்று பார்த்துச் சரிசெய்து, ஒரு பிடி இறக்கி வைப்பேன். காது பொய் சொன்னாலும் மீட்டர் பொய் சொல்லாது என்பேன். அப்படியென்றால், என் காது பொய் சொல்ல ஆரம்பித்தது எனக்கே எங்கோ தெரிந்திருக்கிறது. இடது பக்கம் யாராவது பேசினால் “ம்” என்று சொல்லிவிடும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. “ம்” என்பது அருமையான சொல். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படியா என்றும் எடுத்துக்கொள்ளலாம், சரி உன் இஷ்டம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கேட்காதவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

இனிச் சொல்வது எனக்குப் பின்னால் தெரியவந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பாடல் குழுத் தலைவர் ஒருவர் உண்டு. தென்னந்தோப்புக்காரர். பாட்டுக் கொடுக்க வரும்போதெல்லாம் ஸ்கூட்டரில் தேங்காய் கட்டிக்கொண்டு வருவார். அவர் ஒருநாள் என் மனைவிக்குப் போன் போட்டிருக்கிறார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா ஸ்னேரு மண்டையப் பொளக்குது. பாடுறவங்க குரலே தெரியல. அண்ணன்கிட்ட சொல்லப் பயமா இருக்கு.”

“நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியிருக்கிறாள்.

அவள் கோயில் பாடல் குழுவில் பல வருடம் பாடியவள். காது சுத்தமான காது. கேட்டுப் பார்த்திருக்கிறாள்; அவர் சொன்னது உண்மை. தட்டின் சத்தமும் ஸ்னேரின் சுரீர் என்கிற முனையும் எனக்குக் குறைவாகக் கேட்டதால் அவற்றை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறேன். அவள் முதலில் செய்தது, அனுப்புவதற்கு முன்னால் டிரம்ஸைக் கொஞ்சம் இறக்குவது. மறுநாள் அதே ஃபைலைத் திறந்த நான், “யாரு இதுல கை வச்சது?” என்று வீடு அதிரக் கத்தினேன். “எலி ஓடியிருக்கும்” என்றாள். மவுஸைச் சொல்கிறாளாம். நானும் சிரித்துவிட்டேன்.

அதன்பிறகு அவள் வீடியோக்களைப் பார்த்து லிமிட்டரைக் கற்றுக்கொண்டாள். கணக்கு டீச்சர், இதெல்லாம் அவளுக்குப் பெரிய வித்தையா? நான் ஒவ்வொரு பாட்டையும் ஒரே மாதிரி ஃபைலில்தான் தொடங்குவேன். அந்தத் தொடக்க ஃபைலிலேயே டிரம்ஸ் மொத்தத்துக்கும் ஒரு லிமிட்டரைப் போட்டு, நான் திறந்தே பார்க்காத ஓர் இடத்தில் மடித்து வைத்துவிட்டாள். அவளுக்கு நிம்மதி. பட்டுக்கோட்டைக்காரர் தேங்காயோடு வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

எனக்குத்தான் பிடிபடவில்லை. எவ்வளவு ஏற்றினாலும் சிவப்பு எரியவில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன். கை தேறிவிட்டது, எண்களைப் பார்க்காமலே சரியாக வைக்கிறோம் என்று. அப்புறம் சந்தேகம் வந்தது. அடியில் அடியே இல்லை. ஸ்னேர் விழுகிறது, ஆனால் நெஞ்சில் படவில்லை. ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் இருந்தது. சிவப்பு எரியாததால் இன்னும் இடம் இருக்கிறது என்று ஏற்றினேன். ஏற்ற ஏற்ற அது கூன் போட்டுக்கொண்டு நெருக்கியடித்ததே தவிர நிமிரவில்லை. சரி, ஹெட்போனில்தான் சத்தம் பத்தவில்லை என்று அதைக் கூட்டினேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அவள் அந்தப் பக்கம் மறைவாக இறக்க, நான் இந்தப் பக்கம் ஏற்ற, இப்படியே இரண்டு பேரும் ஒரே கயிற்றின் இரு முனைகளை இழுத்துக்கொண்டிருந்தோம். கயிறு என் காது வழியாகப் போகிறது என்பது இருவருக்கும் தெரியவில்லை. காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை அந்த ஹெட்போனோடுதான் இருந்தேன்.

பிறகு மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வயல்காரருக்கு ஒரு போர்வெல் உண்டு. குறுவைக்கு நாற்றங்கால் விட்ட நாளிலிருந்து அது ஓடிக்கொண்டே இருப்பதாக எனக்குக் கேட்டது. கொய்ங் என்று ஒரே சுருதி. இலவச கரண்டு என்றால் இப்படியா என்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் காலையில் வரப்பில் நின்றவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, மோட்டாருக்கு ஓய்வே கெடயாதா? மனுசன் வேல பாக்க வேணாமா? கொய்ங்குன்னு ஒரே எரைச்சல்!”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அண்ணே, ஆத்துல தண்ணி வந்து எத்தன நாளாச்சு. வாய்க்கால்ல பாயுது பாருங்க. மோட்டாரை எப்பவோ நிறுத்தியாச்சு.”

பார்த்தேன். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகை பூட்டிக் கிடந்தது. என் காதில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கத் தோன்றாமல் திரும்பி வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் பாயும் சத்தம் எனக்கு ஒரு சொட்டும் கேட்கவில்லை என்பது வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது.

அன்றே தஞ்சாவூரில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். ஒன்றும் கேட்காத நேரங்களில் பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன்போல், வெளியே இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து அமுக்கினேன். அவள் கண்டுபிடித்து நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். முடிவில் ஒரு கோட்டுப் படம் வந்தது. பாதி வரைக்கும் சமமாக வந்த கோடு அப்புறம் சரேலென்று கீழே விழுந்திருந்தது. இடது காது மோசம், வலதும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. இதே மாதிரிக் கோட்டை நானே கம்ப்யூட்டரில் எத்தனையோ பாட்டுக்குப் போட்டிருக்கிறேன், கூரான சத்தத்தை வெட்டி எறிவதற்காக.

டாக்டர் இளைஞர். பொறுமையாகக் கேட்டார். “மேடையில வாசிச்சதுல கொஞ்சம் போயிருக்கும், அது பழசு. இப்ப சமீபத்துல ஹெட்போன் அதிக சத்தத்துல வச்சுக் கேக்குறீங்களா?”

“மீட்டர்ல செவப்பே எரியலையே டாக்டர்” என்றேன்.

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. பக்கத்தில் இருந்த மனைவிக்குப் புரிந்தது. அவள் முகம் எப்படிப் போனது என்று நான் பார்த்தேன். ஆனால் என் காதை நினைத்து வருந்துகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். “முன்னாடியே வந்திருந்தா, இருந்ததக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் டாக்டர். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பைக்கில் அவள் பேசவே இல்லை. அல்லது பேசினாளோ என்னவோ.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக முன்னறைக்குப் போனாள். கம்ப்யூட்டரைப் போட்டு, தொடக்க ஃபைலைத் திறந்து, மடிப்பை விரித்துக் காட்டினாள். அங்கே லிமிட்டர் இருந்தது. நான் ஒரு பாட்டை ஓடவிட்டு, லிமிட்டரை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். மீட்டர் முழுக்கச் சிவப்பு. அத்தனையும் நான் ஏற்றியது. இத்தனை நாளும் இதற்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேனா என்று பயமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் அதன் பின்னாலேயே கோபமும் வரும்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது.

“சத்தமாச் சொல்லேன்!”

“சொன்னேங்க” என்றாள், பள்ளிக்கூடக் குரலில். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. “சொன்னேன். நீங்க கேக்கல.”

சொல்லியிருக்கிறாள். மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் அது. நான் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு ஓய்வாகச் சாய்ந்திருந்தேனாம். அவள் இடது பக்கம் முக்காலியைப் போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஆட்கள் குறை சொல்கிறார்கள், நான் ஒரு லிமிட்டர் போட்டிருக்கிறேன், உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிறதோ என்று பயமாயிருக்கிறது, ஒருதடவை டாக்டரைப் பார்த்துவிடலாமா என்று. புருஷன் மனது நோகிற விஷயம் என்பதால் ஊர்க்குரலில் சொல்லவில்லை. எனக்கென்று வைத்திருந்த குரலில் சொல்லியிருக்கிறாள்.

நான் “ம்” என்றேனாம்.

டாக்டர் விஷயத்துக்கும் “ம்” என்றேனாம். அவள் எத்தனையோ நாளாகச் சுமந்த பாரத்தை இறக்கிவிட்ட நிம்மதியில் எழுந்து போய்க் குழம்பு வைத்திருக்கிறாள். அப்புறமும் நான் டாக்டரிடம் கிளம்பாததைப் பார்த்து, லிமிட்டரை ஒத்துக்கொண்டுவிட்டேன், டாக்டரிடம் போவதற்கு மட்டும் பிடிவாதம் பிடிக்கிறேன், வற்புறுத்தினால் கத்துவேன் என்று நினைத்திருக்கிறாள். கத்தியிருப்பேன், அதில் சந்தேகமில்லை. நானோ அன்றைக்கு அவள் வெங்காய விலையைப் பற்றிப் பேசியதாக நினைத்திருப்பேன். அந்த மத்தியானம் எனக்கு ஞாபகமே இல்லை. என் வாழ்க்கையில் எனக்குச் சொல்லப்பட்ட மிக முக்கியமான பேச்சு அதுதான்.

கேட்பது என்று ஒரே சொல்லை இத்தனைக்கும் வைத்திருக்கிறோம். காதில் விழுந்தாலும் கேட்பதுதான், சந்தேகம் வந்து விசாரித்தாலும் கேட்பதுதான், சொன்ன பேச்சுப்படி நடந்தாலும் கேட்பதுதான். நீங்க கேக்கல என்று அவள் சொன்னது இதில் எது என்று நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். எதுவாக இருந்தாலும் சரியாகத்தான் இருந்தது. காதில் விழவில்லை. என்ன சொன்னாய் என்று திருப்பிக் கேட்கவுமில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் போதும். கேட்டால் செவிடன் என்று தெரிந்துவிடும் என்ற கூச்சத்தில் “ம்” போட்டுப் போட்டே செவிடனாகியிருக்கிறேன். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் சில நாள் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துச் சொன்னேன். அவள் தட்டை எடுத்து மூடிவைத்துவிட்டுப் போய்விடுவாள். பேசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

இப்போது இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருக்கிறேன். அதைப் பொருத்தியவர் பெருமையாக ஒன்று சொன்னார். “திடீர்னு பெரிய சத்தம் வந்தா கவலப்படாதீங்க சார், இதுவே அமுக்கிடும்.” லிமிட்டர்! நான் சிரித்ததற்குக் காரணம் அவருக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், பட்டாசு, லாரி ஹார்ன், தேர்பவனியில் போடும் வெடி, என் மனைவியின் சிரிப்பு இவற்றுக்கெல்லாம் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இப்போது அது பேச்சு அளவுக்குத்தான் என்னிடம் வந்து சேர்கிறது.

ஸ்டுடியோ நடக்கிறது. அடிகளை நான் தட்டுகிறேன், மிக்ஸ் செய்வது அவள். எகிறுகிற அடியைத் தேடிப்போய் எண்ணைக் குறைக்கிற முறையான வழியைத்தான் பின்பற்றுகிறாள். அந்த லிமிட்டரை அன்றைக்கே நீக்கிவிட்டாள். மறுபடி எதிலும் போட்டதில்லை. போடவேண்டிய இடத்தில்கூடப் போடுவதில்லை. பாட்டு நன்றாக வருகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் மீட்டரைப் பார்த்து ஆமாம் என்கிறேன்.

மாறியது அவள் பேச்சுத்தான். மெஷின் இருந்தாலும் முணுமுணுப்பு எனக்கு எட்டாது. முதலில் திருப்பிச் சொன்னாள். “என்ன?” என்று கேட்டால் இன்னொரு தரம், இன்னும் சத்தமாக. ஆனால் மாப்பிள்ளையின் மீசையைப் பற்றி இரண்டாம் தடவை உரக்கச் சொன்னால் அதில் என்ன இருக்கிறது? பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளைக்கும் கேட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, “ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லத் தொடங்கினாள். இப்போது எனக்கும் ஊர்க்குரல்தான். மாத்திரை போட்டாச்சா, கேஸ் தீர்ந்துபோச்சு, மழை வருது துணிய எடுங்க. எல்லாம் ஒரே உயரம், ஒரே அளவு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தெளிவாகக் கேட்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பட்டுக்கோட்டைக்காரர் வந்தார். புதுப் பாட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, உலகத்தில் இசை எப்படிக் கெட்டுப்போயிற்று என்பதைப் பற்றி எழுந்து நின்று கையை ஆட்டிப் பேசிவிட்டு, வாசலுக்குப் போனார். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. உதைத்தார், உதைத்தார், கடைசியில் வேட்டி பெடலில் மாட்டிக்கொண்டது. என் மனைவி ஜன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொன்னாள். தோள் குலுங்கியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி ஏதோ சொன்னாள். மறுபடி குலுங்கியது.

எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. “என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

அவள் திரும்பினாள். முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது. என் காதையும் மெஷினையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடக் குரலில், ஒவ்வொரு எழுத்தாக, “சாப்பாடு ஆயிருச்சுன்னேன்!” என்றாள்.

சாப்பாடு ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு யாரும் தோள் குலுங்கச் சிரிப்பதில்லை.

“ம்” என்றேன்.